பச்சரிசி இன்னைக்கு எவ்வளவு?

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. சுண்ணாம்புக்கல், மக்காச்சோளம், முந்திரிக்கொட்டை, கரும்பு என்று எது ஏற்றிய லாரியானாலும் அந்த இரும்புத் தகட்டின்மேல் ஏறி நின்று, எடைச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். சீட்டுப் போடுகிறவள் கமலவேணி. இருபத்திரண்டு வருடமாக அவள்தான். டிரைவர்கள் நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கிலோ அக்கா என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

அவளிடம் யாருடைய பாச்சாவும் பலித்ததில்லை. பின் சக்கரத்தை அரை அடி தகட்டுக்கு வெளியே நிறுத்திப் பார்த்தார்கள். கிளீனரை மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துப் பார்த்தார்கள். கமலவேணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு எடை போடுகிற ஆள் இல்லை. மழையானாலும் வெயிலானாலும் இறங்கி வந்து, லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். சண்டைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்.

"எடை பொய் சொல்லாதுங்க."

அப்படிப்பட்டவள் மூன்று கிலோகூடத் தேறாத ஒரு பூனையிடம் மாட்டிக்கொண்டு முழித்த கதை இது.

அந்தப் பூனை வந்தே பதினாலு வருடம் ஆகிறது. விக்கிரமங்கலம் பக்கமிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த ஒரு லாரியில், தார்ப்பாய் மடிப்புக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி இருந்தது. கமலவேணி அதைத் தூக்கி இறக்கிவிட்டு, சரக்கில் சேராது என்று சொல்லி மறுபடி எடை போட்டாள். தகட்டின் எடையில் ஒரு மாற்றமும் இல்லை. லாரி போய்விட்டது, குட்டி போகவில்லை. எல்லா இடத்திலும் சிந்திக்கிடக்கிற சோளத்துக்கு எலி வரும், எலிக்குப் பூனை வேண்டும் என்று முதலாளி வைத்திலிங்கமும் விட்டுவிட்டார். நிறத்தைப் பார்த்து யாரோ பச்சரிசி என்று கூப்பிட, அதுவே பெயராக நின்றுவிட்டது.

பச்சரிசிக்கு இரண்டு இடங்கள் உண்டு. காலையில் ஆபீஸின் கிழக்கு ஜன்னல் விளிம்பு, வெயில் ஏறியதும் எடைமேடைத் தகட்டின் ஓரம். லாரி ஹாரன் அடித்தால் எழுந்து போகும், லாரி இறங்கியதும் திரும்ப வந்து படுத்துக்கொள்ளும். அந்தத் தகட்டில் நாம் வெறுங்காலை வைத்தால் தோல் உரிந்துவிடும். அது என்னவோ மெத்தையில் கிடக்கிற மாதிரி கால் நீட்டிக் கிடக்கும்.

போன மாசி மாதம் அதன் இரண்டு காது நுனியிலும் பொருக்குத் தட்டியது. கடுவன் எதனுடனோ சண்டை போட்டிருக்கும் என்று கமலவேணி மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தாள். பொருக்கு உதிர்ந்தது, மறுபடி கட்டியது, மறுபடி ரத்தம் வந்தது. பங்குனி பிறக்கும்போது இடது காதின் நுனியே அரித்துப்போனது மாதிரி இருந்தது. உடம்பும் வற்றி, தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டியது. அன்றைக்கே அவளுடைய புருஷன் காசிநாதன் தன் மொபெட்டை எடுத்தார். பூனைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே, பின்னால் கமலவேணி பூனையோடு மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டிமேல் வெயில் படாமல் தன் தோள்துண்டைப் போட்டு, பெரம்பலூர் வரைக்கும் ஓட்டினார்.

பெரம்பலூரில் நாய் பூனைகளுக்கென்று கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் நர்மதா சின்ன வயசுக்காரி, சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். காதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியில் முடி கம்மி, நிறமும் இல்லை, வருடக்கணக்காக வெயில் பட்டால் இப்படி ஆகும் என்றாள்.

"இது புத்துநோயா இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். காது மடலை எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும். ஆனா இப்ப இருக்கிற உடம்புக்கு மயக்க மருந்து தாங்காது."

திருச்சியிலிருந்து அறுவை டாக்டர் ஒருவர் மயக்க மருந்து மெஷினோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே வருவார். அடுத்த முறை வர நாலு வாரம் இருந்தது. அந்த நாலு வாரத்தில் பூனையைத் தேற்ற வேண்டும். வெயில் கூடவே கூடாது. முள் எடுத்த மீனை வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை கொடுக்க வேண்டும். உண்ணிதான் ரத்தத்தைக் குடிக்கிறது, அதற்குக் கழுத்தில் மருந்து விட்டு, படுக்கிற துணி, கூடை எல்லாவற்றையும் தினமும் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். மஞ்சள், எண்ணெய், மனுஷர் சாப்பிடுகிற காய்ச்சல் மாத்திரை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாராவாரம் எடை பார்த்து அனுப்ப வேண்டும்.

"எடை நின்னாலே போதும், ஏறினா ரொம்ப நல்லது. எறங்கிக்கிட்டே போச்சுன்னா உள்ள வேற எங்கயோ பரவியிருக்குன்னு அர்த்தம். அப்ப கத்தி வைக்கவேண்டாம்மா. வலி தெரியாம வச்சுப் பாத்துக்கலாம்."

மற்றதையெல்லாம் கமலவேணி தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எடை என்றதும் நிமிர்ந்துவிட்டாள். வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும். கிளினிக் மெஷினில் பச்சரிசி இரண்டு கிலோ எழுநூறு கிராம். அவள் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாள்.

எடைமேடையில் லாரியை நிறுத்தலாம், பூனையை நிறுத்த முடியாது. அந்தத் தகடு பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது. பக்கத்தில் இளையபெருமாளின் கோழிக்கடை இருக்கிறது. அந்தத் தராசில் பார்ப்பது என்று முடிவாயிற்று. பச்சரிசி தராசில் சும்மா நிற்குமா? அதனால் மறுநாள் காலை ஜெயங்கொண்டம் கடைத்தெருவில், கூடை முடைகிறவளிடம் எதிரே உட்கார்ந்து முடையச் சொல்லி, புத்தம்புது மூங்கில் கூடை ஒன்று வாங்கி வந்தாள். ஈரம் காயாத பச்சை மூங்கில், பஸ்ஸெல்லாம் அதன் வாசனை.

இளையபெருமாள் யோசனை சொன்னார். கூடையை மட்டும் தராசில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் எண் சைபருக்கு வந்துவிடும், பிறகு பூனையோடு வைத்தால் பூனையின் எடை மட்டும் காட்டும். கமலவேணிக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. அமுக்கி அழித்துவிட்ட எடைக்குச் சாட்சி ஏது என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது எடைமேடை முறை. வழக்கமாக வருகிற லாரியை ஒருமுறை காலியாக நிறுத்தி எடை போட்டு, வண்டி நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு லோடு எடையிலிருந்து அந்தக் காலி எடையைக் கழித்துக்கொண்டே போகலாம். கூடைக்கும் அப்படியே செய்தாள். காலி எடை ஒரு கிலோ நூற்றைம்பது. ஆபீஸ் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள். பூனையோடு வைத்தபோது மூன்று கிலோ எண்ணூற்றைம்பது. கழித்தால் இரண்டு கிலோ எழுநூறு. கிளினிக் எடையும் தன் எடையும் ஒரு கிராம் பிசகாமல் ஒத்துப்போனதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வந்த அத்தனை டிரைவர்களிடமும் சொன்னாள்.

அதிலிருந்து அது அவர்களுக்கும் ஒரு விளையாட்டாகப் போயிற்று. சீட்டு வாங்க வருகிறவர்கள் தங்கள் லோடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "பச்சரிசி இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். கொள்ளிடம் தாண்டி வருகிற ஒருவர் கெண்டை மீன் கொண்டுவந்தார். காசிநாதன் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனில் முள் எடுத்தார். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு நாள் செய்ததில்லை, இதற்குச் செய்கிறார் என்று கமலவேணி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கிழக்கு ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டினாள். பச்சரிசியை நிழலில் கட்டிப்போடாத குறையாகக் காவல் காத்தாள். கூடையையும் துணியையும் டாக்டர் சொன்னபடியே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சுட்டெரிக்கிற வெயிலில் காயப் போட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் வெறும் வயிற்றில், கோழிக்கடைத் தராசில். கழித்துப் பார்த்தாள். இரண்டு கிலோ அறுநூற்றுப் பத்து.

தொண்ணூறு கிராம் போய்விட்டது. உண்ணி மருந்தால் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாவது ஞாயிறு இரண்டு கிலோ ஐந்நூற்று முப்பது. மூன்றாவது ஞாயிறு இரண்டு கிலோ நானூற்று எண்பது. ஒவ்வொரு தரமும் டாக்டருக்கு அனுப்பினாள். முதல் தடவை, பார்க்கலாம்மா என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை பதில் வர சாயங்காலம் ஆனது. குறைந்துகொண்டே போகிறது, அடுத்த வாரமும் குறைந்தால் இந்த அறுவையை விட்டுவிடலாம் என்று நர்மதா எழுதியிருந்தாள்.

அந்த வாரம் கமலவேணி ஒரு மாதிரி ஆகிவிட்டாள். பச்சரிசி நாலு வேளைச் சாப்பாட்டையும் தட்டு தேய நக்கித் தின்றது, இவளோ அதற்குமேலும் மீன் கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சினாள். பூனை திமிறிக்கொண்டு ஓடி எடைமேடைக்கு அடியில் இருக்கிற இருட்டுக் குழிக்குள் ஒளிந்தது. இவள் தகட்டின் மேல் மண்டி போட்டுக்கொண்டு, இடுக்கு வழியாகக் கெஞ்சினாள். பதினாலு வருடத்தில் அவளைக் கண்டு அது ஓடியது அந்த வாரம்தான். அது அவள் மனதை அறுத்தது. ஆனாலும் சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை.

தமிழரசன் என்று ஒரு டிரைவர், கல் லாரி ஓட்டுகிறவன், அவளிடம் உரிமையாகப் பேசுவான். பூனை நன்றாகத்தானே இருக்கிறது, நேற்றுத் தன் பொட்டலத்திலிருந்து அவித்த முட்டையைத் தூக்கிக்கொண்டு மேசைமேல் ஒரே தாவாகத் தாவியதே என்று கேட்டான். மேசை அவன் இடுப்பு உயரம். வற்றிப்போகிற பூனை அப்படித் தாவுமா என்றும் கேட்டான்.

"கண்ணு பொய் சொல்லும் தம்பி, ஆசையும் சொல்லும்," என்றாள் கமலவேணி. "எடை பொய் சொல்லாது."

நாலாவது ஞாயிறு, அறுவை நாள். பதினொரு மணிக்குள் பெரம்பலூரில் இருக்கவேண்டும். காலை எட்டு மணிக்குக் கோழிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் விலகி வழி விட்டது. தராசில் மூன்று கிலோ அறுநூறு. கழித்துப் பார்க்க அவளுக்குச் சுவர் தேவையில்லை. இரண்டு கிலோ நானூற்றைம்பது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து டாக்டருக்கு எடையை அனுப்பினாள். கீழே, நாங்கள் வரவில்லை டாக்டரம்மா, அது இங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதினாள். காசிநாதனுக்குப் போன் போட்டு மொபெட்டை எடுக்க வேண்டாம் என்றாள். அவர் சரி என்றார். பச்சரிசி கூடைக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் காலைச் சாப்பாடு வைக்கவில்லை. மீனைச் சுடவைக்க எழுந்தாள்.

அப்போது தகட்டின்மேல் லாரி ஏறுகிற சத்தம் கேட்டது. தமிழரசன்தான். வண்டி காலி. லோடு இல்லாமல் எதற்கு ஏற்றினாய் என்று கமலவேணி சிடுசிடுத்தாள். அவன் இறங்கி வந்து ஜன்னலில் கை ஊன்றிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற தன் காலி எடையை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னான்.

"ரெண்டாவது ஸ்டெப்னியையும் பின்னாடி இருந்த இரும்புப் பொட்டியையும் கழட்டிட்டேன்க்கா. வண்டி முன்ன மாதிரி இல்ல, கொறைஞ்சிடுச்சு. நீங்க பழைய காலி எடையையே கழிச்சா என் கல்லு கொறைச்சலாக் காட்டுது. ரெண்டு நடையா யோசிச்சு யோசிச்சு இன்னைக்குத்தான் புடிபட்டுச்சு."

அவள் விசைப்பலகையில் வண்டி நம்பரைத் தட்டினாள். பழைய எடை வந்தது. தகட்டின் எடை பக்கத்தில் வந்தது. நூற்றெண்பது கிலோ வித்தியாசம். வண்டி குறைந்திருக்கிறது, கல் குறையவில்லை. சரி என்று புது எடையைப் பதியத் தொடங்கினாள். பதிகிற விரல் பாதியில் நின்றது.

அவள் மெல்லத் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். வாங்கின அன்றைக்குப் பச்சைப் பசேலென்று இருந்த கூடை. இப்போது காய்ந்த சோளத்தட்டையின் நிறத்தில் இருந்தது. பிரம்புக் கட்டெல்லாம் தளர்ந்து, பூனை அசைந்தால் கறகறவென்றது. நாலு வாரம், தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், இவளே தன் கையால் எடுத்துப் போட்டுக் காய வைத்த கூடை.

கமலவேணி எழுந்தாள். பச்சரிசியை அள்ளித் தமிழரசன் கையில் திணித்தாள், கூடையைத் தூக்கினாள், ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில், நீரிழிவு மாத்திரை போடுகிற உடம்போடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஓடியதை அந்தச் சாலை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோழிக்கடையில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நின்ற கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தராசில் இருந்த யாருடைய கறியையோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கூடையை வைத்தாள்.

எண்ணூறு கிராம்.

இளையபெருமாள் கத்தியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். கமலவேணி கூடையை எடுத்து மறுபடி வைத்தாள். எண்ணூறு. ஒரு கிலோ நூற்றைம்பதாக இருந்த கூடை எண்ணூறு ஆகியிருந்தது. முந்நூற்றைம்பது கிராம் ஈரத்தை வெயில் குடித்துவிட்டிருக்கிறது, அவள் அத்தனையையும் பூனையின் கணக்கில் கழித்துவிட்டாள். மூன்று கிலோ அறுநூறில் எண்ணூறு போனால் எவ்வளவு? கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முந்திக்கொண்டு சொன்னார். இரண்டு கிலோ எண்ணூறு.

பூனை இறங்கவே இல்லை. நூறு கிராம் ஏறியிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கூடவே தன்னையே நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது. லாரிக்காரன் தார்ப்பாய் நனைந்ததைக் கண்டுபிடிக்கிறவள், கிளீனர் படுத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவள், ஒரு பச்சைக் கூடை காயும் என்பதை மறந்துவிட்டாள். கழுதை வயசில் இது என்ன புத்தி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். மணி எட்டே முக்கால்.

டாக்டருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் கிளினிக் உதவியாளர் எடுத்தார். நீங்கள்தான் வரவில்லை என்றீர்களே, குரும்பலூரிலிருந்து ஒரு நாயை வரச் சொல்லிவிட்டோம் என்றார். கமலவேணி அவரை அதற்குமேல் பேச விடவில்லை. பத்தரைக்கு அங்கே இருப்போம், நாய்க்காரர் பதினொன்றுக்குத்தானே வருவார், டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடை ஏறியிருக்கிறது, தப்பு கூடையுடையது, இல்லை, தப்பு என்னுடையது என்றாள். மறுமுனையில் இருந்தவருக்குக் கூடை எங்கே வந்தது என்று விளங்கவில்லை. வாருங்கள் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

காசிநாதன் மொபெட்டில் வந்து சேரவே அரை மணி ஆகும். தமிழரசன் பூனையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தான். காலி வண்டிதான், பெரம்பலூர் போய்த்தான் லோடு ஏற்றப் போகிறேன், ஏறுங்கள் என்றான். அதற்குள் பின்னால் மூன்று லாரி சேர்ந்துவிட்டன. லாரி காத்து நிற்கும்போது எடைமேடையை மூடிய வழக்கம் அவளுக்கு இருபத்திரண்டு வருடத்தில் கிடையாது, மாமனார் செத்த அன்றைக்குக்கூட மத்தியானம் வரைக்கும் சீட்டுப் போட்டுவிட்டுத்தான் போனாள். பின்னால் நின்ற டிரைவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். முன்னால் நின்ற கரும்பு லாரிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கரும்பு ரெண்டு மணி நேரத்துல செத்துடாதுக்கா, போங்க," என்றார். அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

லாரியின் முன்னிருக்கையில் பூனையும் கூடையும் மடியில். காலி வண்டி பள்ளத்தில் எல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. வழியில் ஓரிடத்தில் செம்மறிக் கூட்டம் சாலை முழுக்கப் பரவி வந்தது. தமிழரசன் ஹாரனை விடாமல் அடிக்க, ஆட்டுக்காரர் கையைத் தூக்கிச் சண்டைக்கு வர, கமலவேணி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டி, பூனைக்கு ஆபரேஷன் என்று கத்தினாள். அவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, ஆடுகளை ஓரம் ஒதுக்கினார். பச்சரிசி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. லாரியில் வந்த பூனை அல்லவா, என்ஜின் சூட்டில் தூங்கிவிட்டது.

பத்து இருபதுக்குக் கிளினிக் வாசலில் லாரி நின்றது. நர்மதா வெளியே வந்தாள். கமலவேணி பூனையைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பச்சைக் கூடை, சுவரில் எழுதிய காலி எடை, கோழிக்கடைப் பொத்தான் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் பச்சரிசியை வாங்கிக் கிளினிக் மெஷினில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. இரண்டு கிலோ எண்ணூறு.

"சாப்பாடு குடுத்தீங்களா?"

"எடை பாக்காம நான் என்னைக்கும் சாப்பாடு வச்சதில்ல டாக்டரம்மா. நேத்து ராத்திரிதான் கடைசி."

நர்மதா சிரித்துவிட்டாள். பிறகு பூனையின் ஈறைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், ரத்தம் எடுத்தாள். எல்லாம் முடித்துவிட்டுத்தான் சொன்னாள். "உங்க மெசேஜப் பாத்து நான் நெஜமாவே விட்டுட்டேம்மா. இது புத்தா இருந்து நீங்க வரலைன்னா, இன்னும் ஒரு மாசம் காதுலயே வளந்திருக்கும்."

குரும்பலூர் நாயின் முறை பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. கமலவேணி வாசல் பெஞ்சில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோடு ஏற்றப் போகவேண்டிய தமிழரசன் போகாமல் டீ வாங்கி வந்து கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு காது மடலும் இல்லாமல், கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு, உரித்த நுங்கு மாதிரித் தலையோடு பச்சரிசி கண்ணைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அவலட்சணம் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே சந்தோஷம் தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

லேப் முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. போன் வந்தபோது தகட்டின்மேல் ஒரு முந்திரி லாரி நின்றுகொண்டிருந்தது.

"புத்துதாம்மா," என்றாள் நர்மதா. "ஆனா வெட்டின ஓரம் பூரா சுத்தமா இருக்கு. காதோட போயிடுச்சுன்னுதான் தெரியுது. வயசான பூனை, மறுபடி வராதுன்னு நான் எழுதித் தரமுடியாது. வெயில்ல விடாதீங்க. வாராவாரம் எடை பாருங்க." வைப்பதற்கு முன்னால், "கூடையையும் சேத்துப் பாருங்க," என்றாள்.

கமலவேணி போனை வைத்துவிட்டு முந்திரி லாரிக்காரருக்குச் சீட்டைக் கொடுக்கவில்லை. முதலில் லோடை இறக்கிவிட்டு வண்டியைக் காலியாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இருக்கிற காலி எடை மூன்று வருடத்துக்கு முந்தியது, அதை இனி நம்பமாட்டேன் என்றாள். அவரோடு நிற்கவில்லை. அந்த மாதம் முழுக்க, வருகிற அத்தனை லாரியையும் காலியாக ஏறி இறங்க வைத்தாள். பூனையால் வந்த வினை என்று டிரைவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முதலாளி வைத்திலிங்கம் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மூடியதற்கே திட்டக் காத்திருந்தவர், இதையும் சேர்த்துத் திட்ட வந்தார். எழுபத்தெட்டு லாரிகளின் காலி எடை மாறியிருந்ததை அவள் வரிசையாகக் காட்டியதும் திட்டாமலே போய்விட்டார். சண்டைக்கு வருகிறவர்களிடம் அவள் இப்போதும் எடை பொய் சொல்லாது என்றுதான் சொல்கிறாள், ஆனால் கூடவே, நாமதான் சொல்லுவோம் என்றும் சேர்த்துக்கொள்கிறாள்.

பச்சரிசி அவளை மன்னிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. சிரிஞ்சு இருந்த அலமாரிப் பக்கம் அவள் போனாலே மேசைக்கு அடியில் ஓடும். அவள் அந்தச் சிரிஞ்சை அதன் கண்முன்னாலேயே குப்பையில் போட்டாள். அதற்கெல்லாம் அது மசியவில்லை. ஒரு மத்தியானம், கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலை ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அவள் மடியில் ஏறிப் படுத்தது. அதற்குப் பிறகு வந்த நாலு லாரிக்கு அவள் ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்துச் சீட்டுப் போட்டாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கூடையில் பூனையோடு கோழிக்கடைக்கு வருகிறாள். கறி வாங்க நிற்கிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். போன வாரம் ஏதோ நினைப்பில் பூனையோடேயே கூடையைத் தராசுக்கு நீட்டினாள். இளையபெருமாளும், வாத்தியாரும், வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"மொதல்ல கூடை."

அவள் வாயெல்லாம் பல்லாகப் பச்சரிசியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெறுங்கூடையை வைத்தாள். மழை ஈரத்தில் எண்ணூற்று நாற்பது ஆகியிருந்தது. பிறகு பூனையோடு வைத்தாள். கழித்தால் இரண்டு கிலோ தொள்ளாயிரத்து முப்பது. வரிசையின் கடைசியில் இருந்தவருக்கும் கேட்கட்டும் என்று அதை இரண்டு தரம் சொன்னாள்.